இலஞ்சியிலிருந்து வந்த சீர்

ஜூன் 19, புதன்

பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரமே லீவு எழுதிக் கொடுத்தாயிற்று. வடிவு மிஸ் விசில் ஊதினால் முருங்கை மரத்துக் காக்காய்கூட வரிசையில் நிற்கும் என்று பாளையங்கோட்டைப் பிள்ளைகள் சொல்வார்கள். அந்த வடிவு மிஸ்ஸால் இன்று காலை பிரேயர் முடிகிறவரை மைதானத்தில் நிற்க முடியவில்லை. பாதியில் ஓடினேன். பி.டி. டீச்சர் ஓடுவதைப் பிள்ளைகள் பார்க்காததல்ல; ஆனால் அந்தத் திசையில் ஓடி இன்றுதான் பார்த்தார்கள்.

சித்திரையில் ஒரு பல் பிடுங்கினேன். அதற்கு ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். வீக்கம் வற்றவில்லையே என்று மெடிக்கலில் நானே கேட்டு இன்னொரு அட்டை வாங்கிப் போட்டேன். பல்வலி போயிற்று, வயிறு பிடித்துக்கொண்டது. குடலில் ஏதோ கிருமியாம். மருந்து சாப்பிட்டால் நிற்கிறது, நிறுத்தினால் திரும்ப வருகிறது. போன தடவை நின்றபோது பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். அந்த வாரமே வந்துவிட்டது. தேங்காயைத் திருப்பிக் கேட்கவா முடியும்.

சுபாவுக்கு இது ஐந்தாம் மாதம். ஒரே மகள். ஆவணியில் வளைகாப்பு. முன்னால் நின்று எல்லாவற்றையும் நடத்த வேண்டியவள் நான். இப்போது ஒரு இட்லியைக்கூட முழுதாக முடிக்க முடியாமல் பாதியில் எழுந்து ஓடுகிறேன். அன்றைக்கு ஒரு பந்தி முழுக்க உட்கார்ந்து சாப்பிட வேண்டும். கடவுளிடம் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

என் வீட்டுக்காரர் நெல்லைநாயகம் தபாலாபீசில் ரிட்டயர்டு ஆனதிலிருந்து இப்போதுதான் ஒரு உருப்படியான வேலை செய்கிறார். தினமும் குளியலறையை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவுகிறார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சலித்துக்கொள்வதில்லை. அதைப் பார்த்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

ஜூன் 24, திங்கள்

மதுரைக்குப் போய்வந்தோம், ரயிலில். மருமகன் சங்கர் காரில் கூட்டிப்போகிறேன் என்றார். காரில் கக்கூஸ் உண்டா என்று கேட்டேன். அவரே ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுத்தார்.

குடல் டாக்டர் பெயர் நஸ்ரின். என் பழைய மாணவிகள் வயதுதான் இருக்கும். ரிப்போர்ட்டைப் படிக்கும்போது தச்சுவேலைக்காரர் மாதிரி பென்சிலைக் காதில் சொருகிக்கொள்கிறார். எனக்குப் பிடித்திருந்தது. கிருமியின் பெயர் வாயில் நுழையவில்லை. சி டிஃப் என்று சுருக்கிச் சொல்லிக்கொள்ளலாமாம். நம் குடலுக்குள் கோடிக்கணக்கில் நல்ல கிருமிகள் குடியிருக்கின்றன. நான் விழுங்கிய மாத்திரைகள் அவற்றைக் காலி செய்துவிட்டன. காலி இடத்தில் இந்தப் போக்கிரி வந்து உட்கார்ந்துகொண்டது. மருந்து கொடுத்தால் விதை மாதிரி சுருண்டு கிடக்கிறது, மருந்து நின்றதும் முளைத்துவிடுகிறது.

"வயல்ல பயிர் பூரா அழிஞ்சு களை மட்டும் நிக்குது, டீச்சர். களையப் பிடுங்கிட்டே இருந்தா பத்தாது. நல்ல வயல்ல இருந்து நாத்து எடுத்து நடணும்," என்றார்.

எந்த வயல், எந்த நாற்று என்று கேட்டேன். சொன்னார்.

ஆரோக்கியமான ஒருவருடைய மலத்தை வாங்கி, உப்புத் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, குழாய் வழியாக என் குடலுக்குள் விடுவார்களாம். அந்தப் பெண் அந்தச் சொல்லைச் சாம்பார் என்று சொல்வதுபோல் சாதாரணமாகச் சொல்கிறார். முதலில் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

திரும்புகிற ரயிலில் கோவில்பட்டிவரை என் வீட்டுக்காரர் தூங்குகிற மாதிரி உட்கார்ந்திருந்தார். தாண்டியதும், பத்தில் எட்டு ஒன்பது பேருக்குச் சரியாகிவிடுகிறதாம் என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். நான் அடுத்த பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜூன் 25

மாட்டேன்.

ஜூன் 26

மாட்டவே மாட்டேன். மேல்மாடித் தொட்டியைக் கழுவ ஆள் வந்தது. மோட்டாரில் சத்தம்.

ஜூலை 1, திங்கள்

குளியலறையில் மயங்கி விழுந்துவிட்டேன். இவர் தாழ்ப்பாளை உடைத்து உள்ளே வந்து தூக்கினார். என்னைத் தூக்க முடிகிறது என்பதே எனக்கு அதிர்ச்சி. கல்யாணத்தன்றுகூட முடியாத காரியம் அது. என்னைப் படுக்க வைத்துவிட்டு, அடுக்களையில் பைப்பைத் திறந்துவிட்டு அழுதார். தண்ணீர் வீணாகிறது என்று சத்தம் போட நினைத்தேன். போடவில்லை.

எனக்குப் பயமொன்றும் கிடையாது. சுபாவின் வளைகாப்புக்கு எடுத்த அரக்குப் பட்டு பீரோவில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று மட்டும் இவருக்குக் காட்டி வைத்தேன். வீட்டு ஆண்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சாயங்காலம் டாக்டர் நஸ்ரினுக்குப் போன் போட்டு, சரி என்றேன்.

ஜூலை 4, வியாழன்

கொடுக்கிற ஆளைத் தேட வேண்டும். சில ஊர்களில் இதைச் சேமித்து வைத்திருக்கிறார்களாம். இந்த ஆஸ்பத்திரியில் இல்லை. தெரிந்தவர்களில் யாராவதுதான் தர வேண்டும். ரத்தம் வாங்குவதைவிடக் கறாராக இருக்கிறார்கள். சர்க்கரை கூடாது, குடலில் எந்தக் கோளாறும் கூடாது, சமீபத்தில் ஆன்டிபயாடிக் தொட்டிருக்கவே கூடாது.

இவர் முதல் ஆளாகச் சட்டையை மாட்டினார். சர்க்கரை இருப்பதால் போனிலேயே தள்ளிவிட்டார்கள். முகம் வாடிவிட்டது. சுபா தருகிறேன் என்றாள். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது ஆகாது. சங்கர் போன மாதம் தொண்டைவலிக்கு மெடிக்கலில் அட்டை வாங்கிப் போட்டிருக்கிறார். எங்கள் குடும்பத்துக்கே மெடிக்கல் கடைதான் டாக்டர்.

சித்தி மகள் சொர்ணத்தைக் கேட்டேன். ஒரு தும்மல்கூட வராத உடம்பு. ஆடி விரதம் இருக்கப் போகிறேன், அந்தச் சமயத்தில் இதெல்லாம் செய்யக்கூடாதக்கா என்றாள். விரதம் இருந்தால் அதுகூடவா நின்றுபோகும் என்று கேட்டேன். போனை வைத்துவிட்டாள்.

ஜூலை 6, சனி

சங்கர் தன் அம்மாவிடம் சொல்லிவிட்டார். ஊரில் இத்தனை பேர் இருக்க உலகம்மாளிடமா சொல்ல வேண்டும்?

உலகம்மாள் என் சம்பந்தி. முறைக்கு மதினி. தென்காசிக்குப் பக்கத்தில் இலஞ்சி. வயலும் எருமையும் குற்றாலச் சாரலுமாக இருக்கிறவள். சுபா கல்யாணம் முடிந்து மறுவீட்டுச் சாப்பாட்டுக்குச் சொதி வைத்தோம். திருநெல்வேலிக்காரர்களுக்கு மறுவீடு என்றால் சொதிதான்; அந்தத் தேங்காய்ப்பாலின் கெட்டியில்தான் பெண்வீட்டின் மானமே இருக்கிறது. உலகம்மாள் ஒரு வாய் வைத்தாள். பந்தி முழுக்கக் கேட்கும்படி, "சொதி தண்ணியால்லா இருக்கு," என்றாள்.

அன்றிலிருந்து தீபாவளிச் சீர், பொங்கல் சீர் எல்லாம் குறையில்லாமல் இலஞ்சிக்குப் போகும். பேச்சு மட்டும் போகாது. நாங்கள் பெண்வீடு, கொடுக்கிறவர்கள். அங்கிருந்து ஒரு தேங்காய்கூட வாங்கி எனக்குப் பழக்கமில்லை. இப்போது போய் இதை வாங்குவதா?

செத்தாலும் என்று எழுத வந்தேன். வேண்டாம்.

ஜூலை 8, திங்கள்

அவளே போன் போட்டுவிட்டாள். இவர் போனை என் காதில் வைத்துவிட்டு ஓடிவிட்டார்.

"மதினி, சங்கர் எல்லாம் சொன்னான். நான் தாரேன்," என்றாள்.

உங்களுக்கு எதற்குச் சிரமம் என்றேன்.

"என்ன சிரமம்? தெனமும் வீணாத்தான போகுது."

வெளியில் யாருக்கும் தெரியக்கூடாது என்றேன். தெரியாது என்றாள். சத்தியம் செய்யச் சொன்னேன். செய்தாள். எருமை கத்துகிறது என்று போனை வைத்துவிட்டாள். நன்றி சொல்ல மறந்துவிட்டேன். மறந்ததாகவே இருக்கட்டும்.

ஜூலை 15, திங்கள்

போன வாரம் உலகம்மாளை மதுரைக்கு அழைத்து ரத்தம், மலம் எல்லாம் சோதித்தார்கள். தினமும் ஒழுங்காகப் போகுமா என்று நர்ஸ் கேட்டதற்கு, சூரியன் தவறினாலும் நான் தவறமாட்டேன் என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி சொன்னாளாம். சங்கர் கூனிக் குறுகிப்போய்விட்டார்.

இன்று ரிசல்ட் வந்தது. ஒரு குறையும் இல்லை. இப்படிப்பட்ட குடல் கிடைப்பது அபூர்வம் என்று டாக்டர் சொன்னாராம். இனிமேல் அவளைக் கையில் பிடிக்க முடியாது. எனக்கு நிம்மதியாக இருக்கிறதா என்று இவர் கேட்டார். கஞ்சியில் உப்பு இல்லை என்றேன்.

ஜூலை 17, புதன்

ஆடி முதல் தேதி. எழுந்து நின்று கட்ட எனக்குத் தெம்பில்லை, இலஞ்சிக்கு ஆடிச் சீர் அனுப்பவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அனுப்பாமல் விட்டது இதுதான் முதல் தடவை. தட்டுகளைத் துடைத்து வைக்கச் சொன்னேன், வெறுமனே. அலமாரியில் வரிசையாக நிற்கின்றன. பார்க்கச் சகிக்கவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

மதுரை ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டேன். நாளைக் காலை வைத்தியம். குடலைக் கழுவ ஒரு ஜக்கு நிறையப் பேதி மருந்து கொடுத்திருக்கிறார்கள். ஏற்கனவே கழுவிக்கொண்டிருக்கிற குடல் இது என்று சொல்லிப் பார்த்தேன், விடவில்லை.

சொர்ணம் பார்க்க வந்தாள், ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸும் எடுத்துக்கொண்டு. இரண்டையும் நான் தொடக்கூடாது. அந்த வைத்தியம் வேண்டாமென்று டாக்டர் விட்டுவிட்டார், ஊசியிலேயே பார்க்கிறார்கள் என்று அவளிடம் சொல்லி வைத்தேன். அவள் இருக்கும்போதே உலகம்மாள் வந்தாள். வெறுங்கையோடு. சீக்காளியைப் பார்க்க ஒரு பிஸ்கட் பாக்கெட்கூட இல்லாமல். நோயாளி அறைக்கு எதுவும் கொண்டுவர வேண்டாம் என்று நர்ஸ் சொல்லியிருந்தார்களாம். சொர்ணம் அவள் கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்ததை நான் பார்த்தேன்.

ஜூலை 22, திங்கள்

என்னவென்று எழுதுவேன்.

காலையில் நான் தயாராக இருந்தேன். உலகம்மாளும் தயாராக இருந்தாள், அளவுக்கு மேல் தயாராக. அவள் கொண்டுவந்து கொடுத்த டப்பாவைத் திறந்து பார்த்த நர்ஸ் டாக்டரைக் கூப்பிட்டாள். டாக்டர் பார்த்துவிட்டு, நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார்.

"வெளக்கெண்ண குடிச்சேன் டாக்டரம்மா. சம்பந்தி ஒடம்புக்குள்ள போற சாமான். வயித்த நல்லாச் சுத்தம் பண்ணிட்டுக் குடுக்கதுதான முறை? அழுக்க எப்படிக் குடுக்கது?"

டாக்டர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். "அம்மா, எங்களுக்கு அந்த அழுக்குதான் வேணும்," என்றார்.

விருந்தாளிக்கு விளக்கின பாத்திரத்தில் சாப்பாடு போடுவதுபோல் நினைத்திருக்கிறாள் பாவி. இலஞ்சியிலிருந்து இடுப்பில் சின்னக் குப்பியைச் சொருகிக்கொண்டு வந்து, நேற்றுச் சாயங்காலம் யாருக்கும் தெரியாமல் குடித்திருக்கிறாள். இப்போது என் வயிறும் காலி, அவள் வயிறும் காலி. வைத்தியம் தள்ளிப்போய்விட்டது. அவளுக்குப் பழையபடி ஆகிறவரை காத்திருக்க வேண்டும்.

அவள் கட்டில் ஓரமாக வந்து நின்றாள். முகத்தைப் பார்க்க முடியவில்லை. கல்யாணத்திலிருந்து நான் நெஞ்சில் சுமந்துகொண்டிருந்ததைச் சொல்வதற்கு அதைவிட நல்ல சமயம் வராது. "மதினி, தண்ணியால்லா இருக்காம்," என்றேன்.

திடுக்கிட்டுப் பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வர. எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை. மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

ஜூலை 23, செவ்வாய்

உலகம்மாள் ஊருக்குப் போகவில்லை. பக்கத்து அறையில் தங்க வைத்திருக்கிறார்கள். எப்போதும் சாப்பிடுவதைச் சாப்பிடச் சொன்னார் டாக்டர். இவர் மதுரை முழுக்க அலைந்து முருங்கைக்கீரையும் கம்பும் வாங்கி, ஆஸ்பத்திரிச் சமையல்காரரிடம் கெஞ்சிக் கூழ் காய்ச்சி வாங்கி வருகிறார். எனக்குக்கூட அவர் இப்படி அலைந்ததில்லை.

ஒன்றும் நடக்கவில்லை. சூரியன் தவறினாலும் தவறாதவளுக்கு நேற்றைக்குப் பிறகு அசைவே இல்லை. யாருக்கும் நேராகக் கேட்க வாயில்லை. இவர் வாசலில் நின்று, "சௌக்கியமா தாயி?" என்று கேட்கிறார். அவள் தலையைக் குனிந்துகொள்கிறாள். சங்கர் போனில், அம்மாவிடம் ஏதாவது விசேஷம் உண்டா என்று கேட்கிறார். குடும்பமே பிள்ளைப்பேற்றுக்குக் காத்திருப்பதுபோல் காத்திருக்கிறது.

சாயங்காலம் என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். நான்தான் கெடுத்தேன், நான்தான் கெடுத்தேன் என்று. அழுகிற பிள்ளைகளை எனக்குப் பார்த்துக்கொண்டிருக்கத் தெரியாது. கைப்பையில் விசில் இருந்தது. எழுந்து வராந்தாவில் நடங்கள் என்று விரட்டினேன். கட்டிலில் படுத்தபடியே, நடை தளர்ந்தபோதெல்லாம் ஊதினேன். இடுப்பில் முந்தானையைச் சொருகிக்கொண்டு கோ-கோ டீம் பிள்ளை மாதிரி நடந்தாள். நர்ஸ் வந்து விசிலைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தவள், "மதினி, அன்னைக்கு அந்தச் சொதி…" என்று இழுத்தாள். மன்னிப்புக் கேட்கப் போகிறாள் என்று நினைத்து, பெருந்தன்மையாக முகத்தை வைத்துக்கொண்டேன்.

"தண்ணியாத்தான் இருந்துச்சு," என்றாள்.

இவளோடு எப்படிச் சண்டை போடுவது?

ஜூலை 24, புதன்

கை நடுங்குகிறது. ரத்தத்தில் ஏதோ உப்பு குறைந்துவிட்டது என்று சொட்டு மருந்து ஏற்றுகிறார்கள். எழுந்திருக்க முடியவில்லை. சுபா வந்தாள். அவள் வயிற்றில் கையை வைத்தேன், உள்ளே ஒரு உதை. நான் ஆவணிவரை இருக்க வேண்டும். பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், போகட்டும்.

உலகம்மாள் சொல்லாமலே வராந்தாவில் நடந்துகொண்டிருக்கிறாள். செருப்பில்லாத காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. நிற்காதே மதினி.

ஜூலை 25, வியாழன்

நடந்துவிட்டது.

விடிந்து காபி வருகிற நேரம். குளியலறைக் கதவு திறந்து உலகம்மாள் வெளியே வந்தாள். மூடி போட்ட டப்பாவை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே ஏந்திக்கொண்டு வந்தாள், சீர்த்தட்டு ஏந்தி வருகிற மாதிரி. பின்னாலேயே நர்ஸ், அவளுக்குப் பின்னால் இவர். என் அறை வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். நிமிர்ந்து நின்றாள், அவ்வளவுதான். இவர் கும்பிடவே செய்துவிட்டார்.

மற்றதை எழுத அதிகமில்லை. மயக்கம் கொடுத்தார்கள். கண்விழித்தபோது முடிந்திருந்தது. வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார்கள். உள்ளே போனதை எவ்வளவு நேரம் தங்கவைக்கிறேனோ அவ்வளவுக்கு நல்லதாம். தங்கவைத்தேன். அருவருப்பு வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. இலஞ்சி வயலில் முளைத்த கீரையும் மோரும்தானே என்று தோன்றியது.

ஜூலை 27, சனி

போனேன். ஒரே ஒரு தடவை. உருவமாக இருந்தது.

இதைப் படிக்கிறவர்கள் சிரிக்கலாம். நான் அந்தக் குளியலறையில் நின்று கும்பிட்டேன். வெளியே வந்து, "கெட்டி," என்றேன். இவர் கட்டிலில் உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். இந்தத் தடவை பைப்பைத் திறக்கவில்லை. உலகம்மாள் எழுந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, என்னவோ அவளே பெற்றெடுத்த பிள்ளைக்கு முதல் பரிசு கிடைத்ததுபோல் வார்டைச் சுற்றிப் பார்த்தாள்.

பிறகு எருமைக்கு யார் தீவனம் வைத்தார்களோ என்று புலம்ப ஆரம்பித்துவிட்டாள். மத்தியானம் பஸ் ஏறினாள். அறை வெறிச்சென்று இருக்கிறது.

ஆகஸ்ட் 5, திங்கள்

வீட்டுக்கு வந்துவிட்டேன். இட்லி, அப்புறம் ரசம் சாதம், நேற்று தோசை. நின்றதுதான், திரும்ப வரவில்லை. ரவிக்கை இன்னும் தொளதொளவென்று கிடக்கிறது; அதைப் பிடித்துத் தைக்கக் கொடுக்கவில்லை. நிரப்பிக்கொள்கிறேன்.

முருங்கைக்கீரை வேண்டும் என்று கேட்டேன். எனக்கு ஜென்மத்தில் பிடிக்காத கீரை. "அவங்க கொணம் வந்துருச்சோ?" என்று இவர் கேலி செய்தார். அப்படியெல்லாம் வராது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனாலும் அவள் நாக்கு மட்டும் வந்துவிடாமல் இருக்க வேண்டும். ஏற்கனவே எனக்கு ஒன்று இருக்கிறது, போதும்.

ஆகஸ்ட் 19, திங்கள்

மைதானத்துக்குப் போனேன். பிரேயர் முடிகிறவரை நின்றேன். ஆஸ்பத்திரியிலிருந்து திருப்பி வாங்கிய விசிலை ஊதினேன். காக்காய் வரிசையில் நிற்கவில்லை. ஆனால் பிள்ளைகள் கைதட்டினார்கள். கைதட்டியதற்குத் தண்டனையாக மைதானத்தை ஒரு சுற்று ஓடச் சொன்னேன். நானும் கூட ஓடினேன். சரியான திசையில்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

வளைகாப்பு. கால் வலிக்கிறது. எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

மண்டபம் நிறைய ஜனம். அரக்குப் பட்டில் சுபா மனையில் உட்கார்ந்திருந்தாள். சம்பந்தி வீட்டார் தட்டுகளோடு வந்து இறங்கினார்கள். வரவேற்று உட்கார வைத்துவிட்டுத் திரும்புகிறேன், சொர்ணத்தின் குரல் கேட்டது. பக்கத்திலிருந்த பெண்களிடம், உலகம்மாள் காதில் விழும்படியே சொல்லிக்கொண்டிருந்தாள்: "எங்க அக்கா சாகக் கிடந்தப்ப ஆஸ்பத்திரிக்கு ஒரு ஆரஞ்சுப்பழம்கூட இல்லாம வெறுங்கைய வீசிட்டு வந்தாங்க. நான் கண்ணால பாத்தேன். இன்னைக்குத் தட்டு தூக்கிட்டு வாராங்க."

உலகம்மாள் கேட்டாள். வாயைத் திறக்கவில்லை. மறுவீட்டுப் பந்தியில் ஒரு சொதியைப் பற்றிச் சும்மா இருக்க முடியாத வாய் அது. என்னிடம் செய்த சத்தியத்துக்காக மூடிக்கொண்டு, மடியில் கிடந்த பூச்சரத்தைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். எனக்கு அடிவயிற்றிலிருந்து பொங்கியது. என் வயிறுதானா, அவள் வயிறுதானா, தெரியாது.

கைப்பையிலிருந்து விசிலை எடுத்து ஊதினேன். மண்டபம் அடங்கிவிட்டது. நாதஸ்வரக்காரரும் நிறுத்திவிட்டார்.

"எல்லாரும் கேளுங்க. நான் ஊசியில பொழைக்கல. சொர்ணத்துக்கிட்ட அப்படிச் சொன்னது பொய். உலகம்மா மதினி வெறுங்கையோட வரல. என் கொடல்ல இருந்த நோய்க்கு மருந்து அவங்க வயித்துலதான் இருந்துச்சு. பச்சையாச் சொல்லுதேன், அவங்க பீய டாக்டர் வடிகட்டி எனக்குள்ள வச்சாங்க. அதுலதான் இன்னைக்கு உங்க முன்னால நிக்கேன். எங்க வீட்டுக்கு இதுவரைக்கும் வந்த சீர்லயே பெரிய சீர் அதுதான். சந்தேகம் இருந்தா இப்பவே கேளுங்க."

சொர்ணம் தன் விரதத்தைப் பற்றி ஏதும் சொல்லவில்லை. இவர் தூணுக்குப் பின்னால் போய்விட்டார். அப்போது கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். சங்கருக்கு ஏதோ அத்தை முறை. "எங்க அம்மைக்கும் மாத்திரை போட்டதுல இருந்து இப்படித்தான் போய்க்கிட்டே இருக்கு. வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு இருக்கோம். அந்த டாக்டரம்மா நம்பர் கிடைக்குமா?" என்றாள்.

சொன்னேன். குறித்துக்கொண்டது அவள் ஒருத்தி மட்டுமல்ல.

பிறகு உலகம்மாளைக் கையைப் பிடித்து எழுப்பி, சுபாவுக்கு முதல் வளையலை நீங்கள்தான் போட வேண்டும் என்றேன். அவள் முகம் செக்கச்செவேலென்று இருந்தது. "பந்தியில எலை போட்டப்புறம் சொல்லாம விட்டீயளே மதினி, அது போதும்," என்று காதுக்குள் சொன்னாள். சுபா அவளையும் என்னையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். நான் அழுதேன். எல்லார் முன்னாலும்.

பந்தியில் என் பக்கத்தில் அவளை உட்கார வைத்தேன். சொதி வைக்கச் சொல்லியிருந்தேன். முதல் பால் நானே நின்று பிழிய வைத்தது. ஒரு வாய் வைத்தாள். பக்கத்து இலைக்காரர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

"கெட்டி," என்றாள். பந்தி முழுக்கக் கேட்டது.

நான் சொதியை இரண்டாவது தடவை கேட்டு வாங்கினேன். பாயசம் வாங்கினேன். மோர் வாங்கினேன். அப்பளம் உடைத்தேன், பழம் உரித்தேன், பேசினேன், மறுபடி மோர் வாங்கினேன். எங்கள் வரிசை முழுவதும் எழுந்து போனபிறகு, இலையை மடித்து வைத்துவிட்டு எழுந்தேன். கை கழுவத்தான்.